அன்றைக்கே சொன்ன பெண்

சின்னவள் வெளிநாடு போய்ச் சேர்ந்தது மருத்துவ உயிரியல் முதுகலைப் படிப்பில். அதை அவள் வீட்டில் ஆளுக்கு நாற்பது தடவை சொல்லியிருப்பாள். "நான் டாக்டருக்குப் படிக்கலைம்மா. நோய் எப்படி வருது, உடம்புக்குள்ள என்ன பண்ணுதுன்னு படிக்கிறேன். ரத்தம், திசு, செல்லு, இதான் எங்களுக்கு. நோயாளியை நாங்க தொடக்கூட மாட்டோம்." அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், "டாக்டர்லயே பெரிய டாக்டருக்குப் படிக்கிறா. நோயாளியைத் தொடுறதெல்லாம் சின்ன டாக்டருங்க வேலையாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அம்மா சொன்னது மாடிவீடு, எதிர்வீடு, மளிகைக்கடை என்று பரவி, அண்ணனின் அலுவலகம் வரைக்கும் போய்விட்டது. முதல் மாதம் அவள் ஒவ்வொருவரையும் திருத்தினாள். இரண்டாம் மாதம் பாதிப் பேரைத் திருத்தினாள். மூன்றாம் மாதம் விட்டுவிட்டாள். அவள்மேல் எனக்கு முதல் வருத்தம் இந்த இடத்தில்தான். சலித்துப்போய் விட்டேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும், உண்மை அது இல்லை. இருபத்துமூன்று வயதில் நம்மை நாலு பேர் டாக்டர் என்று கூப்பிட்டால் காதுக்கு இனிக்கத்தான் செய்யும்.

அதிலும் அப்பா கூப்பிடும் "டாக்டரம்மா"வுக்குத் தனி ருசி. அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்திரண்டு வருடமாக அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். லிஃப்ட் நின்றுபோனால்தான் அவரைக் கூப்பிடுவார்கள், மோட்டார் இருப்பதோ மொட்டை மாடியில். ஆகவே ஊர் முழுக்க ஏறி இறங்க வழி பண்ணிக் கொடுக்கிற மனிதர், தான் போகிற கட்டடத்தில் எல்லாம் படி ஏறித்தான் போக வேண்டும். "என் பொழப்பே எனக்கு எதிர்க்கட்சி" என்பார். இரும்பு மாதிரி உடம்பு. ஆறு மாடியைக் கையில் கருவிப் பையோடு ஒரே மூச்சில் ஏறிப்போய், மேலே நின்று பீடி இல்லாமல், டீ இல்லாமல், நேராக வேலையைத் தொடங்குகிறவர்.

இப்போது அந்த நாளுக்கு வருவோம்.

அன்று காலை சின்னவளின் வகுப்புக்கு ரத்தச் செய்முறை. நீளமான அறை, இரண்டு பேருக்கு ஒரு நுண்ணோக்கி, மேசைக்கு மேசை ஒரு கண்ணாடித் தகடுப் பெட்டி. பேராசிரியை குள்ளமான பெண்மணி; மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்; லேசில் யாரையும் மெச்சிவிட மாட்டார். ஆறாம் எண் தகட்டில் என்ன கோளாறு என்று கேட்டபோது மற்ற இருபத்தாறு பேரும் லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் மட்டும், சிவப்பணுக்கள் சிறுத்துப்போய் நடுவில் வெளுத்திருக்கின்றன, இரும்புச்சத்துக் குறைவு என்றாள். பேராசிரியை அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்து, "உனக்கு நல்ல கண்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேற்று நாட்டில், வேற்று மொழியில், வாய் திறக்கவே மூன்று மாதம் கூசிக் கிடந்த பெண்ணுக்கு அது போதாதா? அந்த மதியம் அவள் நடந்தபோது கால் தரையில் படவில்லை.

ஆய்வுக்கூடத்திலிருந்து உணவுக்கூடத்துக்குப் போகிற வழியில் போன் வந்தது. அப்பா. பின்னால் யாரோ இரும்புக் கதவைச் சாத்துகிற சத்தம்.

"டாக்டரம்மா, ஒரு பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், பாத்தியா?"

"என்ன பேப்பர்ப்பா? எங்க இருக்கீங்க?"

"நாலாவது மாடிப் படியில உக்காந்திருக்கேன். ஏழாவது மாடிக்குப் போகணும். முன்னல்லாம் ஒரே மூச்சா ஏறுவேன். இப்ப நாலாவது மாடியிலயே ஒரு வாடகை வீடு பாத்துரலாமான்னு இருக்கு."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் போட்டோவைத் திறந்தாள். ரத்தப் பரிசோதனை அறிக்கை. பதினான்கு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டு புள்ளி இரண்டு. அணுக்கள் சிறியவை, வெளுத்தவை. காலையில் லென்ஸ் வழியாகப் பார்த்த அதே ஆறாம் எண் தகடு, அப்பாவின் பெயர் போட்டு வந்த மாதிரி இருந்தது. அவளுக்குக் கவலை வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை. பரீட்சையில் படித்த கேள்வியே வந்துவிட்டால் வருமே, அந்தப் பெருமை.

"இரும்புச்சத்து கம்மிப்பா. நூத்துக்கு நூறு அதேதான். இப்பதான் வகுப்புல இதையே பாத்துட்டு வர்றேன்."

"கிளினிக் டாக்டரும் அதைத்தான் சொன்னாரு. மாத்திரை எழுதியிருக்காரு. ஆனா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டரும் குடுத்திருக்காரு. குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கணுமாம். கேமரா போற வழியை நெனைச்சாதான்..." அப்பா கூச்சத்தோடு சிரித்தார். "உங்கம்மாகிட்ட இதைச் சொல்லல. சொன்னா இன்னிக்கே இழுத்துட்டுப் போயிருவா. நீ சொல்லு, அவசியமா?"

எனக்குத் தெரியாதுப்பா, டாக்டர் சொன்னா போய்ப் பாத்துருங்க. இவ்வளவுதான் அவள் சொல்லியிருக்க வேண்டும். படிக்காத பெண்ணாக இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாள். பாதிப் படிப்பு படுத்தும் பாடு அது.

"இப்போதைக்கு வேணாம்ப்பா. மூணு மாசம் மாத்திரை சாப்பிடுங்க, ரத்தம் ஏறுதான்னு பாப்போம். அவங்க எதுக்கெடுத்தாலும் கேமரான்னுதான் சொல்லுவாங்க."

"அப்பாடா" என்றார் அவர். மாடிப்படியில் அந்தப் பெருமூச்சு எதிரொலித்ததுகூட அவளுக்குக் கேட்டது. "ஆயிரம் பேரைக் கொன்னாதான் அரை வைத்தியனாம். நீ வீட்டு ஆளை வெச்சே ஆரம்பிச்சிட்டே."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அப்பா லெட்டரை நான்காக மடித்துக் கருவிப் பைக்குள் வைத்துக்கொண்டு, மிச்சம் மூன்று மாடியை ஏறிப் போனார்.

மாத்திரை தொடங்கிய இரண்டாம் வாரம் அம்மா பதறிப்போய்க் கூப்பிட்டாள். "ஏன்டி, உங்கப்பாவுக்குக் கரிக்கட்டை மாதிரி கருப்பாப் போகுதாம். எதாவது ஆகிடப் போகுது!" சின்னவள் நிதானமாக விளக்கினாள். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. புத்தகத்தில் உள்ளதைத்தான் சொன்னாள், சரியாகத்தான் சொன்னாள். உள்ளே ரத்தம் கசிந்தாலும் அதே கருப்புதான் என்று அதே புத்தகத்தில் வேறொரு பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கம் இரண்டாம் பருவத்துக்கு உரியது.

மூன்று மாதம் கழித்து ரத்தம் பத்துக்கு ஏறியது. கேட்க வேண்டுமா? அப்பா லிஃப்ட் பார்க்கப் போகிற கட்டடம் எல்லாம் இதே பேச்சு. "என் பொண்ணு கடல் தாண்டி உக்காந்துக்கிட்டு பேப்பரைப் பாத்ததுமே சொல்லிட்டா, இரும்புச்சத்துன்னு." ஒருவர் சர்க்கரை ரிப்போர்ட்டைக் கொடுத்தார், இன்னொருத்தி தைராய்டு ரிப்போர்ட்டைக் கொடுத்தாள். அப்பா எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பினார். காவலாளியின் முழங்கால் எக்ஸ்ரேவைத் தலைகீழாக எடுத்து அனுப்பினார். எல்லாவற்றுக்கும் அவள் மதிய உணவு நேரத்தில் உட்கார்ந்து பதில் எழுதினாள்.

இரண்டாம் பருவம் தொடங்கி ஐந்தாவது வாரம் அந்த வகுப்பு வந்தது. சரிந்த வரிசைகள் உள்ள பெரிய கூடம். வெளியே மழை, உள்ளே ஈரக் கோட்டுகளின் வாடை. அதே பேராசிரியை திரையில் நான்கு வரி போட்டார். ஆண். வயது ஐம்பத்தெட்டு. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்திருக்கின்றன. அடுத்து என்ன செய்வீர்கள்?

முன்வரிசையில் ஒருவன் இரும்பு மாத்திரை என்றான். சின்னவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"கொடுங்கள்" என்றார் பேராசிரியை. "கொஞ்சம் தேறுவார். உங்களுக்கு நன்றிகூடச் சொல்வார். பிறகு அவருடைய குடலின் ஒரு துண்டு நம் ஆய்வுக்கூடத்துக்கு வரும்." அடுத்த படத்தைப் போட்டார். ஊதா நிறத்தில், ஒழுங்கில்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கிற செல்கள். "மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு இரும்பு குறைவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கு இரும்பு ஏன் குறைய வேண்டும்? அது எங்கேயோ ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தைப் பார்க்காமல் தொட்டியை நிரப்பாதீர்கள். இது புற்று என்றே வைத்துக்கொண்டு தேடுங்கள். இல்லை என்று தெரிந்தால் சந்தோஷப்படுங்கள்."

சின்னவள் குறிப்பேட்டை மூடினாள். எழுந்து வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டாள்.

மணி அடித்துக்கொண்டிருந்தபோது, எடுத்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். "தப்பா சொல்லிட்டேன்ப்பா" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்திருந்தது. அப்பா எடுத்ததும், "வாங்க டாக்டரம்மா!" என்று கத்தினார். பக்கத்தில் யாரிடமோ, "என் பொண்ணுதான், அந்த டாக்டர்" என்று சொல்வதும் கேட்டது. நாக்கு நுனியில் இருந்தது திரும்ப உள்ளே போய்விட்டது.

"அப்பா, அந்த கேமரா டெஸ்ட்டு... அதை ஒருதடவை பாத்துருங்களேன்."

"எதுக்கு? இப்பதான் நல்லா ஆயிட்டேனே. மாத்திரையும் நீ சொன்ன மாதிரியே வேலை செய்யுது."

"இல்லப்பா, இப்பல்லாம் அம்பது தாண்டினவங்க எல்லாருமே பாக்கணும்னு சொல்றாங்க. சும்மா ஒரு செக்கப்பு மாதிரி."

சும்மா! பூசி மெழுகுவதில் அவள் அம்மாவையும் மிஞ்சிவிட்டாள். சும்மா என்று சொன்னதற்காக எந்த மனிதன் அந்தக் கேமராவுக்குச் சம்மதிப்பான்?

"சும்மான்னா எதுக்கு இப்பவே? படிப்பு முடிச்சிட்டு நீ வருவேல்ல. நீ பக்கத்துல நின்னா நான் எந்தக் கேமராவுக்கும் பயப்பட மாட்டேன்" என்றார் அப்பா.

அவள் சரிப்பா என்றாள். சரிப்பா! அதற்கப்புறம் வாரத்துக்கு ஒருதடவை நினைவுபடுத்தினாள். ஒவ்வொரு தடவையும் அவர் ஏதாவது ஒரு வேடிக்கை சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவள் சிரித்துவிட்டாள். இடையில் பரீட்சை வந்தது. பரீட்சைக்குக் குடல் புற்றின் நான்கு நிலைகளையும் மனப்பாடம் செய்தாள். முதல் நிலையில் பிழைப்பவர் நூற்றுக்கு எத்தனை, நான்காம் நிலையில் எத்தனை என்று எண்கள் இருந்தன. அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினாள். இருந்தும் போனில் "புற்று" என்ற சொல்லை அவளால் சொல்ல முடியவில்லை. அதைச் சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பாரே என்ற பயம். அவர் கேட்கிற ஆளே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். இப்படியாக ஒன்பது வாரம் போனது.

பத்தாம் வாரம் அண்ணன் கூப்பிட்டான். அண்ணன் தேவையில்லாமல் கூப்பிடுகிறவன் இல்லை.

"சின்னவளே, பதறாதே. நேத்து அப்பாவுக்கு வயிறு ஊதி வாந்தி எடுத்தாரு. குடல் அடைச்சிருக்குன்னு ஆபரேஷன் பண்ணிட்டாங்க. உள்ள கட்டி இருக்காம். கல்லீரலுக்கும் போயிருக்காம்." பிறகு, "கல்லீரலுக்குப் போனா என்ன அர்த்தம்? உனக்குத்தான தெரியும், சொல்லு" என்றான்.

அவளுக்குத் தெரியும். எண்ணோடு தெரியும். "வந்து சொல்றேண்ணா" என்றாள்.

துறையில் மூன்று வாரம் விடுப்புக் கொடுத்தார்கள். அதற்கு மேல் போனால் விசாவுக்குச் சிக்கல் என்று அலுவலகப் பெண் தாளில் அடிக்கோடிட்டுக் காட்டினாள். சின்னவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கூடத்துக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோள் எலும்பு சட்டைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. "வந்துட்டாங்கய்யா எங்க டாக்டரம்மா" என்றார். குரல் மட்டும் பழைய குரல்.

அவள் பையைக் கீழே வைக்கவில்லை. அதற்குள் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். கையில் நான்காக மடித்து எண்ணெய்க் கறை பிடித்த ஒரு காகிதம். அண்ணன் கருவிப் பையை ஒழுங்குபண்ணும்போது கிடைத்ததாம்.

"இது என்னங்க? தேதியைப் பாருங்க. ஏழு மாசத்துக்கு முந்தின தேதி. அன்னிக்கே டாக்டர் கேமரா விட்டுப் பாக்கச் சொல்லியிருக்காரு. எங்கிட்ட ஏன் சொல்லல?"

சின்னவள் வாயைத் திறந்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"சின்னவளும் அன்னிக்கே போகச் சொன்னா. தலையால அடிச்சுக்கிட்டா. நான்தான் கேக்கல. அவமேல கோவப்படாதே, உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கிட்டேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தொடங்கினாள். அழுகைக்கு நடுவே வசவு, வசவுக்கு நடுவே அழுகை. "பெத்த பொண்ணு டாக்டருக்குப் படிச்சு என்ன பிரயோஜனம்? ஒரு வார்த்தை கேட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா? உங்க பிடிவாதத்துக்கு எங்க எல்லாரையும் பலி குடுத்துட்டீங்களே!" அப்பா தலையைக் குனிந்துகொண்டார். திருட்டுப் பிடிபட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

அன்று மட்டும் இல்லை. அம்மாவுக்குத் துக்கம் கோபமாகத்தான் வரும்; அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாத்திரை கொடுக்கும்போது திட்டுவாள், முதுகு துடைத்துவிடும்போது திட்டுவாள், பார்க்க வந்தவர்களிடம் அவர் முன்னாலேயே, "பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சு, இந்த மனுஷன் கேக்கல" என்று சொல்லிக் கண்ணைத் துடைப்பாள். வந்தவர்களும் சின்னவளைப் பார்த்து உச்சுக்கொட்டி, "நீ என்னம்மா பண்ணுவே, உன் கடமையைப் பண்ணிட்டே" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு கையும் தலையில் பட்டபோது அவளுக்கு நெருப்பு வைத்தது போல இருந்தது.

ஐந்தாம் நாள் அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னால முடியலப்பா. நான் சொல்லிடறேன். நான்தான வேணாம்னு சொன்னேன்? அன்னிக்கே நீங்க போயிருந்தா..." குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அப்பா அழ விட்டார். பிறகு சொன்னார். "எனக்குக் கேமரான்னா பயம். வேணாம்னு யார் சொல்லுவாங்கன்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீ சொல்லலைன்னா வாட்ச்மேனைக் கேட்டிருப்பேன்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்கப்பா."

"இங்க பாரு. உங்கம்மா என்னை முப்பது வருஷமா திட்டுறா. எனக்குப் பழக்கம், ஒண்ணும் ஒட்டாது. உன்னைத் திட்டினா அது நிக்கும். நான் போனப்புறம் அவளுக்கு நீ வேணும், உனக்கு அவ வேணும். நடுவுல இதைக் கொண்டுவந்து வைக்காதே." குளியலறையில் தண்ணீர் நின்ற சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போய்ப் படிப்பை முடி. பாதியில விட்டேன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

மூன்று வாரம் முடிந்து அவள் திரும்பிப் போனாள். போக வைத்தார். திரும்பிப் போன முப்பத்தைந்தாம் நாள் காலை, அவர் போய்விட்டதாக அண்ணன் சொன்னான். "நீ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்டா. படிப்பை முடிச்சிட்டு வா. அவர் அதைத்தான் சொல்லிட்டுப் போனாரு" என்றான். அன்றும் அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

ஆய்வேட்டுக்கு அவளுக்குக் கிடைத்த வேலை குடல் திசு. தலைப்பை மாற்றித் தருகிறேன் என்று பேராசிரியை சொன்னார். அவள்தான் வேண்டாம் என்றாள். மெழுகில் பதித்த திசுக் கட்டிகள் பெட்டி பெட்டியாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் எண், ஆணா பெண்ணா, வயது. பெயர் கிடையாது. கட்டியைச் சீவும் கருவியில் வைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவிய இழையை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடித் தகட்டால் அள்ளி எடுக்க வேண்டும். நூற்றுநாற்பது கட்டிகள் சீவினாள். ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் அதில் எழுபத்தொரு பேர். ஒவ்வொருவருக்கும் வீட்டில் யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வாள். யாராவது சரியாகச் சொல்லியிருப்பார்கள், இவர் கேட்காமல் இருந்திருப்பார் என்று நினைத்தால் கொஞ்சம் ஆறுதல். அந்த ஆறுதலுக்காகத் தன்னையே வெறுப்பாள்.

ஆய்வேடு தேறியது. நல்ல மதிப்பெண்தான். சேதி வந்த மதியம், ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கோட்டுகள் மாட்டும் இடத்தில் நின்று அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா முதலில் சிரித்தாள். மூன்று மாதத்தில் அவள் சிரித்துக் கேட்டது அன்றுதான்.

"உங்கப்பா இருந்திருந்தா லிஃப்ட் லிஃப்டா ஏறி எல்லா வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லியிருப்பாரு" என்றாள். பிறகு பேச்சு வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தது. "குடுத்து வைக்கலையே. பிடிவாதம் பிடிச்ச மனுஷன். நீ அன்னிக்கே அவ்வளவு சொன்னே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா இன்னிக்கு இதைப் பாத்திருப்பாருல்ல. என்னால மன்னிக்கவே முடியலடி. படத்தைப் பாத்தாலே ஆத்திரம்தான் வருது."

சின்னவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அப்பா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் செத்துப்போனவரை அவர் செய்யாத குற்றத்துக்கு இன்னும் எத்தனை காலம் திட்டவிடுவது? அவருக்குச் செய்கிற நியாயம் என்று அவள் நினைத்தாள். தன் நெஞ்சில் இருக்கிற பாரத்தை இறக்கி வைக்கிற ஆசையும் அதில் கலந்திருந்தது. அதையும் நான் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

"அம்மா, அப்பா பொய் சொன்னாரு. நான் அன்னிக்குப் போகச் சொல்லல. வேணாம்னுதான் சொன்னேன். அவரு என்னைக் கேட்டாரு, அவசியமான்னு. நான்தான் வேணாம்னேன். எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். அப்புறமா சொன்னப்பவும் சரியாச் சொல்லல. என்னைத் திட்டுங்கம்மா. அவரைத் திட்டாதீங்க."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். பாவி என்பாள், பெத்த அப்பனைக் கொன்னுட்டியேடி என்பாள், இனிமேல் என் முகத்தில் முழிக்காதே என்பாள். எதற்கும் தயாராக, கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். அழைப்பு துண்டிக்கப்பட்டதோ என்று பார்த்தாள். இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அம்மா..."

"கடைசி நாள் காலையில" என்றாள் அம்மா. திட்டுகிற குரல் இல்லை அது. அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதே இல்லை. "தண்ணி கேட்டாருடி. நான் உடனே குடுக்கல. பொண்ணு பேச்சைக் கேட்டிருந்தா இப்படிப் படுத்துக்கிட்டு எங்கிட்ட தண்ணி கேக்குற நெலமை வந்திருக்காதேன்னு சொன்னேன். அதைச் சொல்லிட்டுத்தான் டம்ளரைக் குடுத்தேன்."

"அம்மா, அழாதீங்கம்மா."

"அவரு ஆமான்னு தலையை ஆட்டிட்டு, ரெண்டு வாய் குடிச்சிட்டு, டம்ளரைத் திருப்பிக் குடுத்துட்டாரு."